ஏரிக்கு முறை உண்டு, கரண்டுக்கும் உண்டு

சேமிப்பு, கடன் பற்றி எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். நான் கரண்டு பில்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க.

ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு பில் வந்தது. வீட்டில் இருப்பது இரண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு டிவி. ஏரியில் இறால் கிடைக்காத மாசம் வேற. "கட்டலன்னா பியூஸைப் புடுங்கிடுவாங்களே, புள்ளைக்குப் பரீட்சையாச்சே" என்று பயந்து, கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். வட்டி கட்ட முடியாமல் கம்மல் மூழ்கிப் போச்சு. பில் சரியா தப்பா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

நம்ம ஏரியில் பாடு முறை இருக்கிறது. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்திருப்பதால்தான் வலுத்தவர் மட்டுமே வாரிக்கொண்டு போக முடிவதில்லை. கரண்டுக்கும் முறை வைக்க ஓர் இடம் உண்டு. அதுதான் 1999-இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். யூனிட்டுக்கு என்ன விலை என்று முடிவு செய்வது அதுதான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்ததே, அது அரசு மானியத்தில் நடக்கிறது. ஆனால் ஒரே ஒரு தப்பான பில் வந்தால் போதும், அந்தச் சலுகையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 56-ஆம் பிரிவு. இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க. பணம் பாக்கி என்று இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் எழுத்து மூலம் 15 முழு நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். பில் தப்பு என்று நினைத்தால், ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கணக்கில் வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபணையுடன் கட்டலாம். பிரச்சினை தீரும்வரை துண்டிக்கக் கூடாது. அங்கே தீரவில்லையா, மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் என் கம்மல் என் காதில் இருந்திருக்கும்.

2022-இல் கட்டணத்தை உயர்த்துமுன் ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் மக்களிடம் கருத்துக் கேட்டது. நான் போகவில்லை. நடந்ததே தெரியாது. நமக்குப் பக்கத்தில் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் ஓடுகின்றன. அந்தக் கரண்டுக்கு விலை பேசுகிற இடத்தில் நம்ம குரலும் கேட்க வேண்டாமா?

கூட்டமைப்பிடம் நான் கேட்பது மூன்றுதான். மாதக் கூட்டத்துக்குப் பாஸ்புக்கோடு கரண்டு பில்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சந்தேகமான பில்லுக்கு மனு எழுத ஒவ்வொரு குழுவிலும் ஒரு படித்த பிள்ளை பொறுப்பெடுக்கட்டும். அடுத்த முறை கருத்துக் கேட்பு வந்தால், நம் கூட்டமைப்பின் பெயரில் ஒரு கடிதமாவது போகட்டும்.

பில்லைப் பார்த்ததும் அடகுக்கடைக்கு ஓடாதீங்க. முதலில் குழுவுக்கு வாங்க.