அமுங்குவது வேறு, எழும்புவது வேறு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் ஏதாவது பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் செய்வது ஃபோம். வண்டி இருக்கைக்கும் மெத்தைக்கும் உள்ளே வைக்கிற பாலியூரித்தேன் ஃபோம். கையோடு மூன்று துண்டு கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து அப்படியே பின்னால் அனுப்புங்கள். கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு, என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

மூன்றையும் 'சாஃப்ட்' என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு லோடு சரக்கு திரும்பி வந்தது.

பன்னிரண்டாவது வரை நான் தமிழ் மீடியம். இந்தக் கல்லூரிக்கு வந்தபோது ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த பெயரடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு இருக்கை மெத்தை மாதிரி அனுப்பியிருந்தோம். பதில் வந்தது: சாஃப்ட்னஸ் சரியாக இருக்கிறது, ஆனால் 'டெட்' ஆக இருக்கிறது, இன்னும் 'ஸ்பிரிங்கி'யாக வேண்டும். ஸ்பிரிங் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது பழைய பஸ் சீட்டின் இரும்புச் சுருள்தான். ஓஹோ, கெட்டியாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கலவையில் ஐசோசயனேட் விகிதத்தை ஏற்றினேன்.

லைனில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். பத்தாவதோடு நின்றவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். துண்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, முந்தின மாதிரியே நல்லாத்தானே அமுங்குச்சு. எந்திரிக்கத்தான் மாட்டேன்னுச்சு. நீங்க அமுங்குறதைக் குறைச்சிட்டீங்களே?" என்றார். "அண்ணே, லெட்டரை நான் படிச்சிட்டேன்" என்றேன். ஆங்கிலக் கடிதம், எனக்கல்லவா தெரியும்!

சரக்கு திரும்பியது. மீட்டிங்கில், லைனில் கலவை சரியாகக் கலக்கவில்லை என்று முடிவு கட்டி, மெமோ அவருக்குப் போனது. கடிதம் என் ஃபைலில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "விடுங்க தம்பி, அடுத்த பேட்சைப் பாப்போம்" என்றார். மேலே போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மெமோ கடைசிவரை அவர் பெயரில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். 'சாஃப்ட்' என்பது அழுத்தும்போது நடப்பதை மட்டும் சொல்கிறது. விட்ட பிறகு நடப்பதைச் சொல்வது 'ஸ்பிரிங்கி'. அதுவே துள்ளிக்கொண்டு திரும்பினால் 'பவுன்ஸி'. 'ஸ்க்விஷி' என்றால் விரலுக்கு இருபுறமும் பிதுங்கும். நாம் சொல்லும் 'கொழகொழ' கிட்டத்தட்ட அதுதான். 'மஷி' குழைந்தே போனது, திரும்ப வராது. 'ஃப்ளஃபி'யில் காற்றும் இழையும்தான் அதிகம், புசுபுசுவென்று இருக்கும்.

இதில் ஆளை ஏமாற்றுவது 'ஸ்பாஞ்சி'. இட்லி ஸ்பாஞ்சியாக இருக்கிறது என்றால் நம்மூரில் பாராட்டு. (நம் ஹாஸ்டல் இட்லிக்கு 'பவுன்ஸி' என்ற சொல்லே பொருந்தும், கிரிக்கெட் ஆடியவர்கள் சாட்சி.) அதே சொல்லை ஒரு மெக்கானிக் பிரேக் பெடலுக்குச் சொன்னால், பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது, வண்டியை எடுக்காதே என்று அர்த்தம். மரத்துக்குச் சொன்னால் உளுத்துவிட்டது. அகராதியைப் புரட்டி மட்டும் இது பிடிபடாது. எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

உணவுத் துறையிலும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் அலினா செஸ்னியாக் என்ற அம்மையார், உணவின் பதத்தைச் சொல்லும் சொற்களை வகைப்படுத்திக் கட்டுரை எழுதினார். அதில் கடினம் ஒரு தலைப்பு, மீள்தன்மை இன்னொரு தலைப்பு. அவர் 'எலாஸ்டிசிட்டி' என்று வைத்த பெயரைப் பின்னால் 'ஸ்பிரிங்கினஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். இயந்திரம் ஒரு துண்டை இரண்டு தடவை கடிக்கும். முதல் கடிக்கும் இரண்டாம் கடிக்கும் நடுவே துண்டு எவ்வளவு உயரம் மீண்டது என்பதே அந்த அளவு.

எங்கள் தொழிலிலும் சோதனை இரண்டு. 200 மி.மீ. வட்டத் தகட்டால் ஃபோமை அதன் கனத்தில் 25 சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது ஒன்று. 16 மி.மீ. எஃகுக் குண்டை 500 மி.மீ. உயரத்திலிருந்து போட்டு, எத்தனை சதவீதம் எழும்புகிறது என்று பார்ப்பது இன்னொன்று. நான் ஏற்றியது முதலாவதை, அவர்கள் கேட்டது இரண்டாவதை. அதற்கு மாற்ற வேண்டியது பாலியாலை. சாதா ஃபோமில் குண்டு சுமார் 40 சதவீதம் எழும்பும், நல்ல ஹெச்.ஆர். ஃபோமில் 60ஐத் தாண்டும். அமுக்கினால் இரண்டும் ஒரே சாஃப்டாக இருக்கலாம்!

இதற்கு நேர்மாறு மெமரி ஃபோம். 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக, விமான இருக்கைக்கென்று சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. குண்டைப் போட்டால் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். எழும்ப அவசரமே படாது. அதைத்தான் இன்று அதிக விலை கொடுத்து வாங்கிப் படுக்கிறோம். ஆக 'டெட்' என்பதும் எப்போதும் திட்டு இல்லை, பாருங்கள்.

இப்போது எங்கள் பிரிவில் வாடிக்கையாளர் கடிதம் வந்தால், முதலில் லைனில் இருப்பவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். கையில் துண்டைக் கொடுத்து, அமுங்குதா, எந்திரிக்குதா என்று கேட்டு, இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்கிறேன். அந்த இரண்டு கேள்வியும் அந்த அண்ணன் கேட்டவை.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது துண்டு நாலாம் வரிசையிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. அதுதான் மெமரி ஃபோம், யாரும் விட மாட்டார்கள். தயவுசெய்து பின்னால் அனுப்புங்கள். போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆபீஸில் கணக்குக் காட்ட வேண்டும்.