டிவிஎஸ் செய்ததிலேயே சிறந்த வண்டி எது?

(பொங்கல் விழா மாலையில் நம் குடியிருப்பு மொட்டைமாடியில் நிகழ்த்திய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்து வடிவில்.)



அழைப்பிதழில் பட்டிமன்றம் என்று போட்டுவிட்டு, கடைசியில் பேசுவதற்கு என் ஒருவனைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அடுப்படியில் சர்க்கரைப் பொங்கல் வேலையாம். பரவாயில்லை. எல்லா அணிக்கும் நானே பேசி, தீர்ப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு பிடிக்காதவர்கள் கீழே பார்க்கிங்குக்கு வாருங்கள். இந்தச் சண்டை தொடங்கியதே அங்கேதான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பி பிளாக் அண்ணன் தன்னுடைய பழைய ஷோகனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பாச்சி வைத்திருக்கும் தம்பி, "அண்ணே, இதை இன்னும் எத்தனை நாளைக்கு வைச்சிருக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். டிவிஎஸ் கம்பெனி இதுவரை செய்ததிலேயே சிறந்த வண்டி எது என்று விவாதம் கிளம்பிவிட்டது. காய்கறி வாங்கி வந்த சி பிளாக் சார், "இரண்டும் இல்லை, விக்டர்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் போனது. முடிவு வரவில்லை.

ஒவ்வொருவர் வாதத்தையும் நியாயமாகவே எடுத்து வைக்கிறேன்.

முதலில் ஷோகன். சுசுகியோடு சேர்ந்து ஓசூரில் 100 சிசி மோட்டார் சைக்கிள் வந்தது 1984-ல். அதற்கு முன் நம் ஊர்ச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், ஜாவா, யெஸ்டி. எல்லாம் கனமான வண்டிகள். இந்தச் சின்ன ஜப்பான் எஞ்சின் வந்த பிறகுதான் சம்பளக்காரர்களும் மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று ஆனது. அந்த வழியில் தொண்ணூறுகளில் வந்தவை சாமுராய், மேக்ஸ் 100, ஷோகன். ஷோகனின் எஞ்சின் 110 சிசிகூட இல்லை. ஆனால் 14 குதிரைத்திறன் தந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது விக்டர். 2001-ல் சுசுகியும் டிவிஎஸ்ஸும் பிரிந்தன. ஜப்பான்காரன் போய்விட்டால் இவர்களால் எஞ்சின் செய்ய முடியுமா என்று பலரும் சந்தேகப்பட்ட நேரம். அதே ஆண்டில், தாங்களே வடிவமைத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக விக்டரைக் கொண்டுவந்தார்கள். அது விற்றது, நிலைத்தது. அடுத்த ஆண்டே, தர நிர்வாகத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு டிவிஎஸ்ஸுக்குக் கிடைத்தது. கம்பெனியைக் காப்பாற்றிய வண்டி எது என்று கேட்டால் சி பிளாக் சார் சொன்னது சரிதான்.

மூன்றாவது தம்பியின் கட்சி. அப்பாச்சி 2005-லிருந்து ஓடுகிறது. பந்தயத்தில் கற்றதைத் தெருவுக்குக் கொண்டுவந்த வண்டி. பிஎம்டபிள்யூவோடு கைகோத்து, அதன் சின்ன மோட்டார் சைக்கிள்களை ஓசூரிலேயே செய்கிறார்கள். அந்தக் கூட்டில் பிறந்ததுதான் 2017-ல் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310. 2020-ல் இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டன் கம்பெனியையே டிவிஎஸ் வாங்கிவிட்டது. 1911-ல் மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கிய குழுமம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. தம்பிக்குப் பெருமை இருப்பதில் தவறில்லை.

மூன்று கட்சியும் பேசியாயிற்று. இப்போது நான்காவதாக ஒரு வண்டியை நான் உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறேன். சிரிக்கக் கூடாது.

எக்ஸ்எல்.

சிரிக்கிறீர்கள். "அது மோட்டார் சைக்கிளே இல்லையே, மொபெட்தானே" என்று தம்பி அங்கிருந்து கை காட்டுகிறான். சரி, ஒரு கேள்வி. ஹோண்டா செய்ததிலேயே சிறந்தது எது என்று உலகத்தில் கேட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் சிபி 750-ஐச் சிலர் சொல்வார்கள். ஆனால் 1958-ல் வந்த சூப்பர் கப் என்ற சின்ன வண்டியைச் சொல்பவர்கள் ஏராளம். கிளட்ச் பிடிக்க வேண்டாம், காலைத் தூக்கிப் போட வேண்டாம், கடைப்பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டலாம். 2017-க்குள் 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். அதை யாரும் பந்தயத்துக்காக வாங்கவில்லை. பிழைப்புக்காக வாங்கினார்கள்.

நம்முடைய சூப்பர் கப் எக்ஸ்எல்தான்.

அதன் தாய் டிவிஎஸ் 50. 1980-ல் வந்தது. அதற்கு முன்பே லூனா இருந்தது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்று வந்த முதல் இந்திய மொபெட் டிவிஎஸ் 50. என் அப்பா தேவிகாபுரத்தில் நெசவாளர். முதலாளி கடை ஆரணியில். நெய்த சேலையைக் கொடுக்க, கூலி வாங்க, அடுத்த பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் எடுத்து வர, சைக்கிளில்தான் வருவார். காலையில் கிளம்பினால் திரும்பும்போது சாயங்காலம். அன்று முழுக்கத் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. பழைய டிவிஎஸ் 50 ஒன்றை வாங்கிய பிறகு பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்கிவிடுவார். அந்த வண்டி எங்களுக்குக் கொடுத்தது வேகம் இல்லை, முக்கால் நாள் கூலி. என் பள்ளிக்கூடச் செலவுக்கு வந்த பணம் அதிலிருந்துதான்.

பிறகு நான் முப்பது வருடம் பட்டுக்கடையில் கணக்கு எழுதினேன். ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு, சேவூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த நெசவாளர்களைத் தினமும் பார்த்தேன். கடை வாசலில் நின்றவற்றில் பெரும்பாலும் எக்ஸ்எல்தான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். காலுக்கு நடுவே இடம் காலியாக இருக்கிறது. பட்டுப் பையை அங்கே வைத்தால் கண் முன்னாலேயே இருக்கும். பின்னால் கட்டினால் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் ஜக்கார்டு அட்டைக் கட்டு உட்காரும். வேட்டியோடும் ஏறலாம், சேலையோடும் ஏறலாம். கியர் கிடையாது. வண்டியின் எடை தொண்ணூறு கிலோகூட வராது. சேற்றில் சிக்கினால் ஒருவரே இழுத்துவிடலாம். எந்தக் கிராமத்திலும் மெக்கானிக் உண்டு.

ஊருக்கும் அப்படித்தான். ஆரணி பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, களம்பூர் பொன்னி அரிசிக்கு ஊரெல்லாம் பெயர் இருக்கிறது. இந்த இரண்டும் லாரியில் ஏறி வெளியூர் போவதற்கு முன்னால், முதல் சில மைல்கள் எதில் வருகின்றன? பால் கேன், தண்ணீர் கேன், கீரைக்கட்டு, நம் வீட்டு கேஸ் சிலிண்டர் எதில் வருகின்றன? நாளைக் காலை ஊரில் உள்ள அப்பாச்சி எல்லாம் ஓடாது என்றால் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் போவார்கள். எக்ஸ்எல் எல்லாம் ஓடாது என்றால் நமக்குக் காபியே கிடையாது. எந்த வண்டி நின்றால் ஊர் நிற்குமோ, அதுதான் சிறந்த வண்டி. இது என் தீர்ப்பு.

குறை இல்லையா? உண்டு. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். அந்தப் புகையை யாரும் மறக்க முடியாது. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்து, 2020-ல் எரிபொருள் இஞ்செக்‌ஷனும் வந்த பிறகுதான் அது தீர்ந்தது. சின்ன டேங்க். நெடுஞ்சாலைக்கு ஏற்ற வேகம் இல்லை. இருப்பது டிரம் பிரேக். அதில் அளவுக்கு மீறி மூட்டை ஏற்றி, ஹெல்மெட்டும் இல்லாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. சரக்கு ஏற்றி வரும் இருசக்கர வண்டிகள் இனி உள்ளே வரக் கூடாது, வெளி கேட்டிலேயே நிற்க வேண்டும் என்று. காரணங்கள் எனக்குத் தெரியும். குழந்தைகள் விளையாடுகிறார்கள், தரையில் ஆயில் கறை விழுகிறது. இரண்டும் உண்மை.

ஐப்பசி மழையில் என் வீட்டுக்கு ஒரு நெசவாளர் வந்தார். அக்கா மகள் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த சேலை. பத்துப் பதினைந்து நாள் வேலை. பட்டில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும், பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள். நான் போனை எடுக்காமல் தூங்கிவிட்டேன். செக்யூரிட்டி தம்பி மேல் தவறில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதைச் செய்தார். நான் இறங்கிப் போனபோது, மழைக்கோட்டு சேலைப் பைக்குப் போர்த்தியிருந்தது. அவர் நனைந்துகொண்டு நின்றார். "சேலை நனையலை சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவரை அங்கே நிற்க வைத்தது என் தூக்கம் மட்டுமில்லை, உள்ளே வந்து ஒதுங்க நாம் ஓர் இடம் வைக்காததும்தான். இதே ஊரில், இதே தொழிலில் என் அப்பாவும் இப்படி எத்தனை வாசலில் நின்றிருப்பாரோ.

ஆகவே தீர்மானத்தில் ஒரு திருத்தம் கேட்கிறேன். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் கூரைக்குக் கீழே இரண்டு வண்டி நிற்கும் இடம் காலியாக இருக்கிறது. அதைச் சரக்கு கொண்டுவருபவர்களுக்கு ஒதுக்குவோம். கேட்டில் பெயர் எழுதட்டும், நடக்கும் வேகத்தில் வரட்டும், கால் மணி நேரத்தில் போகட்டும். பிள்ளைகள் விளையாடும் பக்கம் அந்த வழியில் வராது. ஆயில் கறைக்கு ஒரு தகரத் தட்டு போட்டால் போதும், அதன் செலவு என்னுடையது.

எந்த வண்டி சிறந்தது என்பதில் நாம் ஒத்துப்போக வேண்டாம். அண்ணன் ஷோகனைத் துடைக்கட்டும், தம்பி அப்பாச்சியை முறுக்கட்டும், மெதுவாக. ஆனால் பொதுக்குழு அன்று கை தூக்கும்போது அந்த மழைக்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது.