சிபில் அம்மையார் நினைவாக



இரத்தத்தால் மட்டும் உறவு வருவதில்லை. ஈப்போவில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு அம்மையாரை நம் அத்தை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானியர் காலத்தில் பாப்பான் சிற்றூரில், காயம்பட்டு வந்த எதிர்ப்புப் படையினருக்குக் காசு பாராமல் மருந்து கட்டினார். ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்டு ஊருக்கு உரைத்தார்.

1943-இல் பிடிபட்டார். அடித்தார்கள், உதைத்தார்கள், பெற்ற மகளை மரத்தில் தொங்கவிட்டு மிரட்டினார்கள். ஒருவரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பட்ட காயம் விடவில்லை. 1948-இல் பிரிட்டனில் மறைந்தார். 1949-இல் அவர் உடல் ஈப்போ மண்ணுக்கே திரும்பியது.

இன்று ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. அவ்வழிப் போகையில், கொடுத்துச் சிவந்த கையையும் காட்டிக்கொடுக்காத வாயையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.