தரை ஏன் பிளக்கிறது?

(தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே! சென்ற வகுப்பில் ஓர் இளம் தோழர் கேட்டார்: "நிலக்கரி பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் கிடக்கிறது. அதை எடுத்தால் மேலே இருக்கிற வீட்டுச் சுவர் ஏன் பிளக்கிறது?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொன்னால் ஜாரியாவின் கதை பூராவும் வந்துவிடும்.

நமக்குத் தெரிந்த நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். மேல் மண்ணை அகற்றிவிட்டுப் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். ஜார்க்கண்டில், தன்பாத் பக்கத்து ஜாரியாவில் பழைய முறை வேறு. பூமிக்குள் இறங்கி, குறுக்கும் நெடுக்கும் பாதை வெட்டி, இடையிடையே நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். மேலே உள்ள பாறையின் பாரத்தை அந்தத் தூண்கள்தான் தாங்குகின்றன.

பிறகு தூண்களையும் வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? முதலில் கூரைப் பாறை நொறுங்கி விழுகிறது. உடைந்த கல் முழுக் கல்லைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆகவே ஓர் உயரத்துக்கு மேல் பாறை விழ இடமில்லை. அதற்கு மேலுள்ள அடுக்குகள் வளைந்து, வெடிப்பு விட்டு, ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அந்த வெடிப்புகள் வழியே கிணற்று நீர் கீழே இறங்கிவிடும். அதற்கும் மேலே பாறை தாழ்ந்துகொடுக்கிறது. வெட்டிய இடத்தைவிட அகலமாகத் தரை தாம்பாளம் போல் குழிகிறது. நடுவில் நெருக்கம், ஓரத்தில் இழுப்பு. ஓரத்து வீட்டின் சுவர் பிளப்பது இதனால்தான். சுரங்கம் ஆழமில்லாமல் இருந்தாலோ, தரையே திடீரென்று உள்ளே போய்விடும்.

பரிகாரம் இல்லையா? உண்டு. காலியான இடத்தில் மணலைத் தண்ணீரோடு செலுத்தி நிரப்பலாம். தாமோதர் ஆற்று மணல் அப்படிப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் மணல் நிரப்பக் காசு செலவாகும். தூணை வெட்டினால் காசு வரும். லாபமே குறியான தனியார் முதலாளிகள் எதைச் செய்திருப்பார்கள்? தூண்களை வெட்டினார்கள், குழிகளை வெறுமையாக விட்டுச் சென்றார்கள். காற்றுப் பட்டால் நிலக்கரி தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. வெடிப்புகள் அந்தக் காற்றுக்கு வழிவிட்டன. 1916-லேயே ஜாரியாவில் நெருப்பு கண்டறியப்பட்டது. பல இடங்களில் இன்றும் அணையவில்லை. நெருப்பு மிச்சமிருந்த தூண்களையும் தின்ன, தரை மேலும் தாழ்கிறது.

1971 முதல் 1973-க்குள் சர்க்கார் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. சரியான காரியம். ஆனால் பழைய குழிகளும் கூடவே வந்து சேர்ந்தன. நெருப்பை அடக்கவும், ஜனங்களை வேறிடத்தில் குடியமர்த்தவும் பெருந்திட்டம் அங்கீகாரம் பெற்றது 2009-ல்! அதன் பிறகும் குடும்பங்கள் வெடித்த தரைமீதே வாழ்கின்றன. தூரத்தில் ஒரு வீட்டைக் காட்டினால் போதுமா? அங்கே பிழைப்புக்கு வழி வேண்டாமா?

தோழர்களே! பாறைக்குப் பாரபட்சம் கிடையாது. கீழே விட்ட வெற்றிடத்துக்குத் தரை ஒரு நாள் கணக்குக் கேட்கிறது. எடுத்தவன் லாபத்தோடு போய்விட்டான். கணக்கைத் தீர்ப்பவன் மேலே குடியிருக்கும் தொழிலாளி. ஆகவே எங்கே சுரங்கம் வெட்டினாலும் முதலில் கேளுங்கள்: எடுத்த இடத்தை நிரப்புவது யார்? மேலே இருப்பவர்களுக்குப் பொறுப்பு யார்? பதில் வரும்வரை விடாதீர்கள்.