பாதையை மூடுவது தீர்வல்ல
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, இளைஞர்களே,

மேற்பிரிவுக்குப் போகும் கீழ்ப்பாதையை நிரந்தரமாக மூடப்போவதாக அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். புது வீடுகள் கூடக் கூட வாகனங்களும் கூடிவிட்டன, பாதை தாங்காது, கொழுந்தும் களவு போகிறது என்று காரணம் சொல்கிறார்கள். வீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் மேல்பாதையால் சுற்றிப் போகட்டுமாம்.

நம்மிலும் சிலர் "மூடினால் நல்லதுதானே" என்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளை மடுவத்துக்கு முன்னால் ஓட்டோ எந்த வேகத்தில் போகிறது என்பது பாதையோர லயத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மழைக்குச் சேறும் வெயிலுக்குத் தூசியும் இஸ்தோப்பு வரை வருகின்றன. இந்தக் கஷ்டம் உண்மை. இதற்கு வழி காணத்தான் வேண்டும்.

ஆனால், கேட் போட்டுப் பூட்டினால் என்ன நடக்கும்? நடுச்சாமத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டால் 1990க்கு அழைக்கிறோம். அம்புலன்ஸ் கேட்டோடு நின்றுவிடும். மேல்பாதையோ அடைமழைக்கு மண் சரியும் பாதை. பழைய காலம் போல நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்குவதா? 7 பேர்ச்சஸ் காணியும் வீடும் தந்துவிட்டுப் போகும் வழியை அடைத்தால், அந்த வீட்டுக்கு என்ன பெறுமதி?

இந்தப் பாதையை வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். அன்று அது கொழுந்து போவதற்காகப் போடப்பட்டது, மனிதர் போவதற்காக அல்ல. இன்று அதன் ஓரத்தில் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கொழுந்துப் பாதையை மக்கள் பாதையாக்குவதுதான் நம் கோரிக்கை.

"தோட்டத்துப் பாதை, தோட்டம் மூடும்" என்பார்கள். 1992இல் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது நிர்வாகம்தான். பின்னர் கிடைத்ததும் குத்தகைதான். காணி அரசாங்கத்துடையது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று சபைகள் வெகுகாலம் கைவிரித்தன. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாட்டு செல்லாது.

ஆகவே முதல் வேலை, இந்தப் பாதை பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அறிவது. இருந்தால், நிர்வாகம் தன்னிஷ்டத்துக்குப் பூட்டுப் போட முடியாது. இல்லாவிட்டால், அதைப் பொறுப்பேற்று வர்த்தமானியில் அறிவிக்கும்படி சபையைக் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் கொடுத்தால், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைச் சங்கக் காரியாலயத்தில் எழுதித் தருகிறோம்.

பாதையோர லயத்து மக்களுக்காக நாம் கேட்பவை இவை: பிள்ளை மடுவத்துக்கு முன் வேகத்தடை வேண்டும். பாதை நெடுக வடிகான் வெட்டிக் கொங்கிரீட் போட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரும் நேரத்தில் மணல், கல் ஏற்றிய லொறிகளை நிறுத்த வேண்டும். ஓட்டோ ஓட்டுபவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குப் புத்தி சொல்வது நம் பொறுப்பு. கொழுந்துக் களவைத் தடுக்க நிர்வாகம் காவலாளியைப் போடட்டும். அதற்காக ஊரையே அடைக்கக் கூடாது.

ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். "சம்மதக் கடிதம்" என்று எவராவது தாள் கொண்டுவந்தால், வாசித்து விளங்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ முதலில் காட்டுங்கள்.

லயத்து ஆட்கள் வேறு, வீட்டுத் திட்டத்து ஆட்கள் வேறு என்று பிரிந்து நின்றால் பாதை போய்விடும். இன்று லயத்தில் இருப்பவருக்கும் நாளை மேலே வீடு கிடைக்கும். அப்போது அவருக்கும் இதே பாதைதான். பிரதேச சபைக்குக் கொடுக்கும் மனுவில் இரு பக்கத்தாரும் சேர்ந்து கையெழுத்து வைப்போம்.