வங்கிப் பயிற்சியில் நாங்கள் கற்றவை

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



கழகத்தின் மாணவர் விடுதியில் தங்கி வணிகவியல் பயிலும் நாங்கள் மூவரும் சென்ற கோடை விடுமுறையில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் எட்டு வாரம் பயிற்சி பெற்றோம். அப்பயிற்சிக்கு ஊதியம் கிடையாது. பேருந்துக் கட்டணத்தையும் பகல் உணவுச் செலவையும் கழகமே அளித்தது. பொதுப் பணத்தில் கற்றவர்கள், கற்றதைப் பொதுவில் வைத்துக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். அக்கணக்கையே இவ்வரங்கில் ஒப்படைக்கிறோம்.

இடம் கிடைத்த வகையை முதலில் கூற வேண்டும். எங்கள் வகுப்பில் பலருக்குத் தந்தையோ, மாமனோ, குடும்ப நண்பரோ ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இருந்தார். ஒரு தொலைபேசிப் பேச்சில் அவர்களுடைய பயிற்சி முடிவாயிற்று. எங்கள் பெற்றோர் செங்கற்சூளையிலும் வயலிலும் நகராட்சித் துப்புரவுப் பணியிலும் உழைப்பவர்கள். வங்கிக்குள் அவர்களுக்கு அறிமுகமானவர் வாயிற்காவலர் ஒருவரே. கழகச் செயலாளர் மும்முறை நடந்து, கடிதம் கொடுத்து, பொறுப்பேற்ற பின்னரே எங்களுக்கு இடம் கிடைத்தது. மதிப்பெண் மட்டுமே திறக்காத கதவுகள் உண்டு என்பதும், அங்கே தனியொருவருக்கு இல்லாத அறிமுகத்தை ஓர் அமைப்பு தர இயலும் என்பதும் நாங்கள் பெற்ற முதற்பாடம்.

முதல் நாள் ஊழியர் ஒருவர் எங்கள் பெயரைக் கேட்டார், கல்லூரியைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பின்னர், "ஊரில் எந்தத் தெரு?" என்று வினவினார். அந்த நான்காவது வினாவின் பொருளை இங்கு அமர்ந்திருப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மறைக்கவில்லை, காலனியின் பெயரைச் சொன்னோம். மறுநாள் மற்றப் பயிற்சி மாணவர்கள் கணிப்பொறி முன்னர் அமர்த்தப்பட்டனர். நாங்கள் பின்கட்டு அறையில் பழைய கோப்புகளை அடுக்கிக் கட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டோம்.

அவ்வறையில் கழிந்த இரண்டு வாரமே எங்களுக்கு உண்மையான வகுப்பாக அமைந்தது. ஒவ்வொரு கோப்பும் ஒரு கடனின் வரலாறு. விண்ணப்பம், அதனுடன் இணைத்த கணக்குகள், அலுவலரின் ஆய்வுக் குறிப்பு, ஒப்புதல், தவணைகள் என அனைத்தும் வரிசையாக இருந்தன. கடன் பெற்றவர்கள் என்ன எழுதினர், வங்கி எதைப் பார்த்து இசைந்தது என்பதைக் கட்டுக் கட்டாகப் படித்தோம்.

அவற்றிலிருந்து அறிந்ததைச் சுருங்கச் சொல்வோம். வங்கி மூன்று வினாக்களுக்கு விடை தேடுகிறது. கேட்பவர் யார்? வாங்கும் பணம் என்ன வேலை செய்யும்? அந்த வேலையிலிருந்தே தவணை வருமா? சிறுதொழிலின் நடைமுறை மூலதனத்திற்கு, 1992ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த நாயக் குழுவின் முறை ஒன்றுண்டு. ஆண்டு விற்பனை 10 இலட்சம் ரூபாய் என மதிப்பிட்டால், அதில் காற்பங்காகிய 2 இலட்சத்து 50 ஆயிரம் தொழிலைச் சுழற்றத் தேவைப்படும். அதில் 50 ஆயிரத்தைத் தொழில் செய்பவர் இட வேண்டும். 2 இலட்சத்தை வங்கி தரலாம். இதில் மந்திரம் ஏதுமில்லை. பெருக்கல் வாய்பாடு அறிந்தவர் எவரும் போடக்கூடிய கணக்கே இது. ஆனால் விற்பனை எவ்வளவு என்று காட்டும் தாள் ஒன்று வேண்டும். நம் மக்களிடம் உழைப்பு இருக்கிறது, நாணயம் இருக்கிறது, அத்தாள் மட்டும் இருப்பதில்லை.

மூன்றாம் வாரத்தில் தவணை தவறிய கடன்களின் பட்டியலைத் தயாரிக்கும் பணி எங்களிடம் வந்தது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் என வகைப்படுத்தப்படும். "காலனிக்குக் கொடுத்தால் திரும்பாது" என்னும் பேச்சை அக்கிளையில் நாங்கள் பன்முறை கேட்டிருந்தோம். ஆதலின் அப்பட்டியலை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்தோம். காலனிப் பெண்களின் சுய உதவிக் குழுக்களில் ஒன்றின் பெயரும் அதில் இல்லை. பெருந்தொகை நிலுவை வைத்திருந்தோர் கடைத்தெருவில் பெயர் பெற்ற வணிகர்கள். காலனியினர் சிலரின் கறவை மாட்டுக் கடன்கள் நிலுவையில் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றுட் சிலவற்றில் மாடு இறந்திருந்தது. காப்பீட்டுத் தொகை கோரும் படிவம் உரிய காலத்தில் கொடுக்கப்படவில்லை. நாணயக் குறைவு என்று வாய்மொழியில் வழங்கியது, பேரேட்டில் படிவக் குறைவாக இருந்தது.

இனி எங்கள் பயிற்சியின் முதன்மையான நிகழ்ச்சிக்கு வருகிறோம். வங்கியின் வாடிக்கையாளரைப் பற்றி வெளியே பேசலாகாது என்பது விதி. இந்நிகழ்ச்சிக்கு உரிய அம்மையாரின் இசைவு பெற்று, பெயர் குறிக்காமல் கூறுகிறோம். அவர் இரண்டு தையல் எந்திரங்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைப்பவர். மேலும் நான்கு எந்திரமும் துணியும் வாங்க 3 இலட்சம் ரூபாய் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்தின் ஓரத்தில் "பிணையம் இல்லை" என்று பென்சிலால் எழுதி, அதைத் திருப்பி அனுப்பும் கட்டில் வைத்திருந்தார்கள்.

பிணையம் என்பது நிலமும் வீடும் நகையும். அவை நம்மிடம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1892ஆம் ஆண்டு ஆணையின்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சில குடும்பங்களிடம் எஞ்சியிருப்பினும், பிற வகுப்பினருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை அதற்கு உண்டு. அது நம்மைக் காக்க வந்த நிபந்தனை. அது நிலைத்திருக்க வேண்டும். ஆனால் ஏலம் விட இயலாத நிலத்தை வங்கி ஈடாக ஏற்பதில்லை. ஆகவே பிணையம் கேட்கும் வழக்கம் எவரையும் விட நம்மையே மிகுதியாகத் தடுத்து நிறுத்துகிறது.

கிளையில் இருந்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைத் தொகுப்பை நாங்கள் எடுத்துப் படித்தோம். குறு, சிறு தொழில்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கலாகாது என்று 2010ஆம் ஆண்டிலேயே ஆணையிடப்பட்டிருந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அளிக்கும் விண்ணப்பத்தைக் கிளை அளவிலேயே தள்ளுபடி செய்யலாகாது; அடுத்த மேல்நிலையில்தான் அம்முடிவு எடுக்கப்பட வேண்டும்; காரணமும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும் கண்டோம். அத்தொகுப்பு அதே அறையில், அதே அலமாரியில்தான் இருந்தது!

பயிற்சி மாணவர்க்கு அதிகாரம் இல்லை. சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவரிடம் விதியை எடுத்துக் காட்டுவதா என்னும் தயக்கமும் எங்களுக்குள் எழுந்தது. ஒரு மாலை முழுவதும் அதைப் பற்றிப் பேசினோம். மேசையின் இப்புறம் நம்மவர் மூவர் அமர்ந்தும் அப்புறம் நிற்பவருக்கு ஒரு பயனும் இல்லையெனில், கழகம் எங்களை அனுப்பியதற்குப் பொருள் என்ன என்று எண்ணித் துணிந்தோம். மறுநாள் கிளை மேலாளரிடம் சுற்றறிக்கையின் பக்கத்தை வைத்து, "ஐயா, இவ்விண்ணப்பத்தை இவ்விதிப்படி மீண்டும் பார்க்கலாமா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "கணக்கு ஒன்றும் இல்லையே, எதைப் பார்த்து எழுதுவது? நீங்களே தயாரித்துக் கொண்டு வாருங்கள்" என்றார்.

அன்று மாலையே அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். கணக்குப் புத்தகம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். ஆனால் மகளின் பழைய பள்ளிக் குறிப்பேட்டில், எந்தப் பள்ளிக்கு எத்தனை சட்டை, எவ்வளவு முன்பணம், எவ்வளவு பாக்கி என்று மூன்றாண்டுக்குக் கோடு கிழித்துக் குறித்து வைத்திருந்தார். "தம்பி, இதையெல்லாமா கணக்கு என்பார்கள்?" என்று வியந்தார். "இதுதான் அம்மா கணக்கு" என்றோம். நான்கு மாலைகளில் அக்குறிப்பேட்டை வரவு செலவு அறிக்கையாக மாற்றினோம். தவணை போக அவர் கையில் மிஞ்சுவதையும் மாதவாரியாகக் காட்டினோம். பயிற்சி முடிந்து இரண்டு மாதத்திற்குப் பின்னர் கடன் கிடைத்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, பாதியே கிடைத்தது. அதைக் கொண்டு இரண்டு எந்திரங்கள் வாங்கினார். இன்று அவரிடம் இரு பெண்கள் வேலை செய்கின்றனர்.

பெரியோர்களே! நிதியியல் நமக்கு அயலான கல்வி அன்று. அண்ணல் அம்பேத்கர் இலண்டன் பொருளியல் பள்ளியில் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் பட்டம் பெற்றார். ரிசர்வ் வங்கி தோன்றுவதற்கு முன்னோடியாக அமைந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னர் 1925இல் சாட்சியம் அளித்தார். அதே அண்ணல் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பம்பாயில் பங்கு வணிக ஆலோசனை நிலையம் ஒன்றை நடத்தியபோது, அவருடைய சாதியை அறிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அறிவு இருந்தும் அடைக்கப்பட்ட கதவு அது. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகளும், 1980இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆன பின்னர், இட ஒதுக்கீட்டின் வழியே நம் மூத்தோர் பலர் அவ்வங்கிகளில் பணிக்கு அமர்ந்தனர். நலிந்த பிரிவினர்க்கு அளிக்க வேண்டிய கடனின் பங்கும் 2023-24ஆம் ஆண்டில் 12 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் திறந்த கதவின் உள்ளே ஒரு படிவம் காத்திருக்கிறது.

ஆதலின் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் நம் மாணவர் சிலரையேனும் இத்தகைய பயிற்சிக்கு அனுப்பச் சிறு நிதி ஒன்றைத் தனியே ஒதுக்க வேண்டும். ஊதியமில்லாப் பயிற்சி வசதியுள்ளோர்க்கு வாய்ப்பு. வசதியற்றோர்க்கு அது கோடைக் கூலியை இழப்பது. இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிறு மாலை விடுதிக் கூடத்தில் கடன் விண்ணப்பம், கல்விக் கடன், காப்பீட்டுப் படிவம் ஆகியவற்றை எழுதித் தரும் பணியை வணிகவியல் மாணவர் ஏற்க இசைவு தர வேண்டும். வங்கிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் மூத்தோர் அதற்கு வழிகாட்ட வேண்டும். மூன்றாவது, விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற நம் மக்களைப் பழக்க வேண்டும். வாயால் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. எழுதிய மறுப்புக்கு உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் போதும். இன்று வந்தது எவ்வளவு, சென்றது எவ்வளவு என்று இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அவ்வெழுத்து இனி நம் உழைப்பின் கணக்கையும் எழுதட்டும்.