பீலித்தண்ணீரும் ஒரு கணக்கும்



வயிற்றோட்டத்தோடு வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு நாங்கள் ஜீவனி கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த மாதம் அதே லயத்திலிருந்து அதே பிள்ளை வருகிறது. மேட்டிலுள்ள மலக்குழியிலிருந்து பள்ளத்துப் பீலிக்கு என்ன இறங்குகிறது என்று பாராமல் மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்?

கழிவுநீரைக் காற்றூட்டிய தொட்டியில் விட்டு, பற்றீரியாவைக் கொண்டே சுத்தம் செய்யும் முறை 1914இல் மான்செஸ்டரில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பற்றீரியா பெருகும் வேகத்தைச் சமன்பாடுகளாக்கி, தொட்டி கட்டுமுன்பே கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் ஏ.எஸ்.எம்.1 என்ற மாதிரியுரு 1987இல் வந்தது. அதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது குளிர்தான். அமோனியாவை மாற்றும் பற்றீரியாவின் உச்ச வளர்ச்சி வேகம் 20 பாகையில் நாளொன்றுக்கு 0.8, 10 பாகையில் 0.3. நுவரெலியாவின் சராசரியோ ஏறக்குறைய 16 பாகை. தை மாதத்தில் உறைபனி வேறு. கொழும்புச் சூட்டுக்குக் கணக்கிட்ட தொட்டி இங்கே போதாது. பற்றீரியா பெருகுமுன் வெளியேறிவிடும். மிஞ்சிய அமோனியா குளோரினைத் தின்றுவிடும், நோய்க்கிருமி தப்பிவிடும்.

காசல்ரீயில் சேரும் நீர் களனியாகி, அம்பத்தலையில் கொழும்பாருக்கும் குடிநீராகிறது. எனவே புதிய வீட்டுத்திட்டத்துக்கு வரைபடம் கொண்டுவருவோரிடம், அவர்கள் நம் பழைய மாணவிகளாகவே இருந்தாலும், நாம் முதலில் கேட்க வேண்டியது: எந்த மாதத்துத் தண்ணீர்ச் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?